காருக்குள் ஒரு குட்டி ஒலிபரப்பு நிலையம்

சில ஆண்டுகள் ஓடிய பழைய கார்களில் இந்தக் காட்சியை நீங்கள் பார்த்திருக்கலாம். சிகரெட் பற்றவைப்பதற்கென்று வைத்திருந்த துளையில் கட்டைவிரல் பருமனுள்ள ஒரு கருவி செருகப்பட்டிருக்கும். அதன் முகத்தில் 88.1 என்றோ 107.5 என்றோ ஓர் எண் ஒளிரும். காரை ஓட்டுபவர் தம் வானொலியையும் அதே எண்ணுக்குத் திருப்பி வைப்பார். பிறகு திறன்பேசியில் ஒரு பாட்டைத் தட்டினால், அது கார் ஒலிபெருக்கிகளில் கணீரென்று கேட்கும்.

நடப்பது இதுதான். திறன்பேசி பாட்டைப் புளூடூத் வழியாக அந்தக் கருவிக்கு அனுப்புகிறது. கருவி, காரின் 12 வோல்ட் மின்கலத்திலிருந்து சிறிது மின்சாரம் எடுத்துக்கொண்டு, ஓர் ஊர்தி அலையை உண்டாக்குகிறது. அந்த அலையின் மேல் பாட்டை ஏற்றிக் காற்றில் விடுகிறது. கார் வானொலியின் ஏரியல் அதைப் பிடித்துக்கொள்கிறது. உயர்ந்த கோபுரம் நாட்டிய ஓர் ஒலிபரப்பு நிலையம் செய்யும் வேலையும் இதேதான், அளவில்தான் வேறுபாடு. வானொலிக்கோ அந்த வேறுபாடு தெரியவே தெரியாது.

இங்கே இரண்டு கேள்விகள் எழ வேண்டும். பேசியும் வானொலியும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. ஒரு முழம் கம்பி போட்டு இணைக்க வேண்டியதை, வானொலி அலையாக்கி, காற்றில் விட்டு, திரும்பப் பிடிப்பானேன்? இது முதற்கேள்வி. இரண்டாவது கேள்வி சட்டத்தைப் பற்றியது. உரிமம் இல்லாமல் ஒலிபரப்புவது உலகின் பெரும்பாலான நாடுகளில் குற்றம். நம் நாட்டில் வானொலிப் பெட்டியை வைத்துக் கேட்பதற்கே தபால் நிலையத்தில் ஆண்டுதோறும் பணம் கட்டி உரிமம் வாங்கிய காலம் உண்டு. வீட்டில் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அப்படியிருக்க, ஒலிபரப்பு நிலையத்தையே கடையில் விலைக்கு வாங்கிக் காரில் செருகிக்கொள்ள எப்படி முடிந்தது?

இந்த இரண்டுக்கும் விடை தேடிப் போனால் 1930க்குப் போய்ச் சேருவோம். வழியில் ஒரு மனிதரின் துயரமான வாழ்க்கையையும் கடந்து போக வேண்டியிருக்கும்.

ஒரே வாசல் உள்ள பெட்டி

காரில் வானொலி வைக்கும் முயற்சி 1920களிலேயே இருந்தது. ஆனால் அதை ஒரு வணிகப் பொருளாக்கியவர்களுள் முதன்மையானவர் அமெரிக்காவின் பால் கால்வின் என்பவர். 1930இல் அவருடைய சிறு நிறுவனம் செய்து விற்ற கார் வானொலிக்கு ‘மோட்டரோலா’ என்று பெயர். மோட்டார் என்ற சொல்லோடு, அக்காலத்தில் ஒலிக்கருவிகளின் பெயர்களில் வழக்கமாயிருந்த ‘ஓலா’ என்ற ஈற்றைச் சேர்த்த பெயர் அது. பின்னால் நிறுவனத்தின் பெயரும் அதுவே ஆயிற்று. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் நடுவில் எதிர்பாராத இடத்தில் மீண்டும் வரும்.

அன்றைய வானொலி வால்வுகளால் ஆனது. வால்வுகளுக்கு உயர்ந்த மின்னழுத்தம் தேவை. கார் மின்கலமோ அன்று 6 வோல்ட்தான் தந்தது. அதிர்ச்சிக்கு வால்வுகள் தாங்காது. இவற்றையெல்லாம்விடப் பெரிய தொல்லை, காரின் எஞ்சினே. பெட்ரோலை எரிப்பதற்கு எஞ்சினுக்குள் நொடிக்குப் பல முறை மின்பொறி பறக்கிறது. மின்பொறி ஒவ்வொன்றும் ஒரு சிறு வானொலி அலைபரப்பி எனலாம். இந்தப் பொறிகளின் ஓசை ‘டர்ர்’ என்று பாட்டோடு கலந்து ஒலிபெருக்கியில் வந்துவிடும்.

ஏன் கலக்கிறது? அன்றைய ஒலிபரப்பு முழுவதும் வீச்சுப் பண்பேற்ற முறையில் நடந்தது. மத்திய அலை, சிற்றலை நிலையங்கள் கையாள்வது பெரும்பாலும் இம்முறையே. பாட்டின் ஒலி ஏறி இறங்குவதற்கேற்ப ஊர்தி அலையின் வீச்சு, அதாவது அதன் உயரம், கூடிக் குறையும். ஏற்பி அந்த உயர மாற்றத்தை மட்டும் பார்த்து ஒலியாக்கும். மின்னலும் மின்பொறியும் செய்வதும் உயர மாற்றமே. பாட்டால் வந்த மாற்றம் எது, பொறியால் வந்த மாற்றம் எது என்று பெட்டிக்குத் தெரியாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தப் பெட்டிக்கு ஒரே ஒரு வாசல்தான் உண்டு; அது ஏரியல். வெளியிலிருந்து வேறோர் ஒலியைக் கம்பி மூலம் உள்ளே விடுவதற்கு வழி வைக்கவில்லை. வைக்க வேண்டிய தேவையும் அன்று இல்லை. ஓடும் காரில் வானொலியைத் தவிர வேறெதைக் கேட்பது? இந்தப் பழக்கம் அடுத்த எழுபது ஆண்டுகளுக்குக் கார் தயாரிப்பவர்களை விடவில்லை. முதற்கேள்விக்குப் பாதி விடை இதுவே.

சட்டத்தில் விட்ட சிறு இடைவெளி

ஏரியல் என்ற வாசல் வழியாக வீட்டுக்குள்ளிருந்தே ஒலியை அனுப்பினால் என்ன என்ற எண்ணம் 1930களின் இறுதியிலேயே தோன்றிவிட்டது. அமெரிக்காவின் ஃபில்கோ நிறுவனம் 1938இல் இரண்டு புதுமைகளைக் கொண்டுவந்தது. ஒன்று, கம்பியில்லாத் தொலைக்கட்டுப்பாட்டுப் பெட்டி. நாற்காலியில் உட்கார்ந்தபடி, தொலைபேசியில் இருப்பது போன்ற வட்டத்தைச் சுழற்றினால், அறையின் மறுபக்கத்தில் உள்ள வானொலி நிலையம் மாற்றும். மற்றது, கம்பியில்லாக் கிராமபோன். இசைத்தட்டின் ஒலியை இது மிகச் சிறிய ஆற்றலில் மத்திய அலையில் பரப்பும். அதே வீட்டிலுள்ள வானொலியில் அது ஒரு நிலையம்போல் கேட்கும். இன்று காரில் செருகும் கருவிக்குப் பாட்டனார் இதுதான்.

பாட்டனாரைச் சட்டம் எப்படிப் பார்ப்பது? அமெரிக்காவில் 1934இல் வந்த தகவல்தொடர்புச் சட்டப்படி வானொலி ஆற்றலைப் பரப்பும் எதற்கும் உரிமம் வேண்டும். ஒவ்வொரு கிராமபோனுக்கும் உரிமம் கொடுக்க முடியுமா? அதற்காக, யார் வேண்டுமானாலும் எதையும் பரப்பலாம் என்று விட்டுவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர் செய்தி கேட்பது எப்படி? அமெரிக்கக் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் 1938 நவம்பரில் இதற்கு ஒரு விடை கண்டது. கருவியின் அலை குறிப்பிட்ட தொலைவில் ஒரு மீட்டருக்கு 15 மைக்ரோவோல்ட் என்ற மின்புல வலிமைக்கு மிகாமல் தேய்ந்துபோக வேண்டும். அப்படியானால் உரிமம் வேண்டாம் என்றது. அலைநீளத்தை 2π ஆல் வகுத்தால் வருவது அந்தத் தொலைவு. 1,000 கிலோஹெர்ட்ஸ் அலைக்கு நீங்களே போட்டுப் பாருங்கள்: அலைநீளம் 300 மீட்டர், தொலைவு ஏறக்குறைய 48 மீட்டர். வீடும் தோட்டமும் அடங்கும் அளவு, அவ்வளவே.

என் கருத்தில் இது வானொலி வரலாற்றின் மிக அறிவார்ந்த விதிகளுள் ஒன்று. கருவி எதற்குப் பயன்படுகிறது, யார் வைத்திருக்கிறார் என்றெல்லாம் அது கேட்கவில்லை. வேலிக்கு அப்பால் எவ்வளவு கசிகிறது என்று மட்டுமே கேட்டது. கம்பியில்லாத் தொலைபேசி, புளூடூத், வை-ஃபை ஆகிய அனைத்தும் அமெரிக்காவில் உரிமமின்றி இயங்குவது இந்த எண்ணத்தின் வழிவந்த விதிகளால்தான்.

இரைச்சலை வென்றவர்

மத்திய அலையில் இயங்கிய கம்பியில்லாக் கிராமபோன் வீட்டுக்குப் போதும். மின்பொறி பறக்கும் காருக்குப் போதாது. அதற்கு வேறொரு கண்டுபிடிப்புத் தேவைப்பட்டது. அதைத் தந்தவர் எட்வின் ஹோவர்ட் ஆர்ம்ஸ்ட்ராங்.

1890இல் நியூயார்க்கில் பிறந்த ஆர்ம்ஸ்ட்ராங், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோதே, 1912இல், ஒரு வால்வின் வெளியீட்டில் சிறு பகுதியை அதன் உள்ளீட்டுக்கே திருப்பித் தந்து ஒலியைப் பன்மடங்கு பெருக்கும் சுற்றைக் கண்டுபிடித்தார். முதல் உலகப் போரின்போது, 1918இல், சூப்பர்ஹெட்டரோடைன் ஏற்பியை அமைத்தார். அதற்குப் பின் உலகில் செய்யப்பட்ட வானொலிப் பெட்டிகளில் பெரும்பாலானவை இவ்வமைப்பில் ஆனவை. நம் வீடுகளில் இருந்த வால்வுப் பெட்டிகளும், பிறகு வந்த டிரான்சிஸ்டர் பெட்டிகளும் இவ்வகையே.

அக்காலத்தில் எல்லாரையும் அலைக்கழித்த சிக்கல், வானொலி இரைச்சல். ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் தலைவர் டேவிட் சார்னாஃப் ஆர்ம்ஸ்ட்ராங்கின் நண்பர். இரைச்சலை ஒழிக்கும் ஒரு சிறு பெட்டி வேண்டும் என்று அவர் நண்பரிடம் கேட்டிருந்தார். வீச்சை விட்டுவிட்டு அதிர்வெண்ணை மாற்றிப் பார்க்கலாமா என்ற யோசனை முன்பே இருந்தது. ஆனால் தொலைபேசித் துறையின் கணித வல்லுநரான ஜான் கார்சன் 1922இல் எழுதிய ஆய்வுரையில், குறுகிய அலைவரிசைக்குள் அதிர்வெண் பண்பேற்றத்தால் ஒரு பயனும் இல்லை என்று கணக்கிட்டுக் காட்டியிருந்தார். கணக்குச் சரியானது. ‘குறுகிய அலைவரிசைக்குள்’ என்ற நிபந்தனையைத்தான் பலர் மறந்துவிட்டார்கள்.

ஆர்ம்ஸ்ட்ராங் மறக்கவில்லை. அலைவரிசையைக் குறுக்கினால்தான் இரைச்சல் குறையும் என்று எல்லாரும் நம்பியிருந்த காலத்தில் அவர் அதை விரித்தார். அமெரிக்க மத்திய அலை நிலையம் ஒன்றுக்கு 10 கிலோஹெர்ட்ஸ் இடம் என்றால், எஃப்.எம். நிலையம் ஒன்றுக்கு இன்று 200 கிலோஹெர்ட்ஸ் இடம் ஒதுக்குகிறார்கள். ஊர்தி அலையின் உயரம் மாறுவதே இல்லை. பாட்டுக்கேற்ப அதன் அதிர்வெண் மட்டும் நடுப்புள்ளியிலிருந்து 75 கிலோஹெர்ட்ஸ் வரை இரு பக்கமும் ஊசலாடும். மின்பொறி வந்து அலையின் உயரத்தைக் கலைத்தாலும் கவலையில்லை. ஏற்பியில் உள்ள ஒரு சுற்று, உயர வேறுபாடுகளையெல்லாம் சீவித் தள்ளிவிடும். அதிர்வெண் ஊசலாட்டம் மட்டும் மிஞ்சும். அதில்தான் பாட்டு இருக்கிறது.

நாம் இதைப் ‘பண்பலை’ என்று சுருக்கிச் சொல்கிறோம். வீச்சுப் பண்பேற்றம் பெற்ற அலையும் பண்பேற்றம் பெற்ற அலைதானே என்று ஒரு மாணவர் கேட்டால் விடை சொல்வது கடினம்! ஆனாலும் சொல் நிலைத்துவிட்டது; இருக்கட்டும்.

1933 டிசம்பர் 26 அன்று ஆர்ம்ஸ்ட்ராங்குக்கு இதற்கான காப்புரிமைகள் கிடைத்தன. 1934இல் நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் உச்சியிலிருந்து ஆர்.சி.ஏ.யின் ஏரியல் வழியாகச் சோதனை ஒலிபரப்புச் செய்தார். ஏறக்குறைய 110 கிலோமீட்டர் தொலைவில் லாங் தீவில் இருந்த ஏற்பியில், இடி மின்னலின் போதும் ஒலி தெளிவாகக் கேட்டது. 1935 நவம்பர் 5 அன்று வானொலிப் பொறியாளர்களின் கூட்டத்தில் இதை விளக்கினார். யாங்கர்ஸ் என்ற ஊரில் ஒரு நண்பரின் வீட்டிலிருந்து நடந்த ஒலிபரப்பை அங்கே கேட்கச் செய்தார். கண்ணாடிக் கோப்பையில் தண்ணீர் ஊற்றும் ஓசையும் காகிதத்தைக் கசக்கும் ஓசையும் வந்தன. வானொலியில் தண்ணீரின் ஓசை தண்ணீரின் ஓசையாகவே கேட்டது அவர்களுக்குப் புதுமை.

சார்னாஃப் கேட்டது ஒரு சிறு பெட்டி. கிடைத்ததோ, இருக்கும் அலைபரப்பிகளையும் ஏற்பிகளையும் எல்லாம் மாற்ற வேண்டிய ஒரு முழுப் புது முறை. ஆர்.சி.ஏ. அப்போது தொலைக்காட்சியில் பணத்தைக் கொட்டிக்கொண்டிருந்தது. 1935இல், தொலைக்காட்சிச் சோதனைக்கு இடம் வேண்டும் என்று சொல்லி, ஆர்ம்ஸ்ட்ராங்கின் கருவிகளை அக்கட்டடத்திலிருந்து எடுக்கச் சொன்னது. அவர் சொந்தப் பணத்தில் ஹட்சன் ஆற்றின் மேற்குக் கரையில் ஆல்பைன் என்னுமிடத்தில் 120 மீட்டருக்கும் உயரமான கோபுரம் ஒன்றைக் கட்டி ஒலிபரப்பத் தொடங்கினார். ஆர்.சி.ஏ. 1940இல் பத்து லட்சம் டாலர் மொத்தமாகத் தருவதாகச் சொன்னது. மற்ற நிறுவனங்களைப் போல் ஒவ்வொரு பெட்டிக்கும் உரிமைத்தொகை தர வேண்டும் என்று அவர் மறுத்துவிட்டார்.

1941 தொடக்கத்தில் 42 முதல் 50 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில் அமெரிக்காவில் எஃப்.எம். வணிக ஒலிபரப்பு அனுமதிக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் தம் காப்புரிமைகளை இராணுவம் கட்டணமின்றிப் பயன்படுத்திக்கொள்ள ஆர்ம்ஸ்ட்ராங் விட்டுக்கொடுத்தார். டாங்கிகளுக்குள் இருந்த எஃப்.எம். கருவிகள், எஞ்சின்களின் மின்பொறி இரைச்சலுக்கு நடுவிலும் தெளிவாகப் பேசின. கார் வானொலியின் பழைய நோய்க்கு மருந்து கிடைத்துவிட்டது என்பது போர்க்களத்தில் மெய்ப்பிக்கப்பட்டது.

போர் முடியும் தறுவாயில், 1945இல், ஆணையம் எஃப்.எம். ஒலிபரப்பை 88 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் தூக்கிப்போட்டது. அயனி மண்டலத்தால் வரும் குறுக்கீட்டைத் தவிர்ப்பதற்காக என்று காரணம் சொல்லப்பட்டது. ஆர்ம்ஸ்ட்ராங் அதை ஒப்புக்கொள்ளவில்லை. மக்கள் வாங்கி வைத்திருந்த லட்சக்கணக்கான எஃப்.எம். பெட்டிகள் பயனற்றுப் போயின. இன்று உலகின் பெரும்பகுதியில் வானொலிப் பெட்டிகளில் காணப்படும் ‘88 முதல் 108’ என்ற அளவுகோல் பிறந்தது அப்படித்தான்.

1948இல் அவர் ஆர்.சி.ஏ. மீது வழக்குத் தொடுத்தார். வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. செல்வம் கரைந்தது; இல்லறமும் குலைந்தது. 1954 ஜனவரி 31 அன்று தம் அடுக்குமாடி வீட்டின் 13ஆம் தளத்திலிருந்து குதித்து உயிரை விட்டார். அப்போது அவருக்கு வயது 63. அவருடைய மனைவி மரியன், சார்னாஃபின் அலுவலகத்தில் செயலாளராக இருந்தவர். ஆர்.சி.ஏ. அதே ஆண்டு டிசம்பரில் பத்து லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து அவருடன் சமரசம் செய்துகொண்டது. மரியன் மற்ற நிறுவனங்களை விடவில்லை. ஒவ்வொன்றாக வழக்காடி வென்றார். கடைசியாக நின்ற நிறுவனம் எது தெரியுமா? மோட்டரோலா! காருக்கு வானொலியைக் கொண்டுவந்த அதே நிறுவனம். 1967இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதன் மேல்முறையீட்டை ஏற்க மறுத்தது. ஆர்ம்ஸ்ட்ராங் இறந்து அப்போது 13 ஆண்டுகள் ஆகியிருந்தன.

வலியது மட்டும் கேட்கும்

இனி நம் குட்டி நிலையத்துக்குத் திரும்புவோம். எஃப்.எம். முறையில் ஆர்ம்ஸ்ட்ராங் நாடியது இரைச்சலற்ற ஒலி. கூடவே மற்றொரு பண்பும் வந்தது. ஒரே அதிர்வெண்ணில் இரண்டு மத்திய அலை நிலையங்கள் ஏற்பியை வந்தடைந்தால், இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கேட்கும். எஃப்.எம். அப்படியன்று. ஒன்று மற்றதைவிடச் சற்றே வலிமையாக இருந்தாலும் ஏற்பி அதையே பற்றிக்கொள்ளும். மற்றது அடியோடு மறைந்துவிடும். விமானிகளும் விமான நிலையங்களும் இன்றும் வீச்சுப் பண்பேற்ற முறையிலேயே பேசிக்கொள்வதற்கு இது ஒரு காரணம். இருவர் ஒரே நேரத்தில் பேசினால் அது காதில் விழ வேண்டும். ஒருவர் குரல் ஓசையின்றி அமுங்கிப்போனால் ஆபத்து.

விமானத்துக்கு ஆகாத இந்தப் பண்பே காரின் குட்டி நிலையத்துக்கு உயிர். அதன் ஆற்றல் எவ்வளவு? பிரிட்டனில் அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு 50 நானோவாட். ஒரு வாட்டை நூறு கோடிக் கூறுகளாக்கி அவற்றில் ஐம்பதை எடுத்துக்கொள்ளுங்கள். 10 கிலோவாட் நிலையம் ஒன்று இதைப் போல் 20,000 கோடி மடங்கு ஆற்றல் உடையது. ஆனால் அலையின் மின்புல வலிமை தொலைவுக்கேற்பக் குறைகிறது. மேலே சொன்ன மடங்கின் வர்க்கமூலம் ஏறக்குறைய நாலரை லட்சம். ஆகவே தடையற்ற வெளியில் ஒரு மீட்டர் தொலைவிலுள்ள 50 நானோவாட்டும், 450 கிலோமீட்டர் தொலைவிலுள்ள 10 கிலோவாட்டும் சம வலிமை உடையவை. பூமியின் வளைவாலும் மேடுபள்ளங்களாலும் நிலையத்தின் அலை இன்னும் தேய்ந்துபோகும். எறும்பு யானையை வெல்லும் கதை இது.

ஆனால் எறும்புக்கும் இடையூறு உண்டு. காரின் ஏரியல் பெரும்பாலும் கூரைக்கு வெளியே நிற்கிறது. கருவியோ இரும்புக் கூட்டுக்குள் இருக்கிறது. அதன் அலை கண்ணாடிகள் வழியாகத்தான் கசிந்து வெளியேற வேண்டும். வெளி நிலையத்தின் அலை நேராக ஏரியலுக்கு வந்துவிடுகிறது. அதனால்தான் நெடுஞ்சாலையில் நன்றாகப் பாடிய கருவி, நிலையங்கள் நிறைந்த நகரத்துக்குள் நுழைந்ததும் கரகரக்கத் தொடங்குகிறது. நிலையம் எதுவும் இல்லாத ஓர் எண்ணைத் தேடிக்கொள்வதே வழி. திறன்பேசியின் ஒலியளவையும் கவனிக்க வேண்டும். அளவுக்கு மீறி உயர்த்தினால் ஊசலாட்டம் 75 கிலோஹெர்ட்ஸைத் தாண்டி ஒலி சிதையும். மிகவும் குறைத்து வைத்து, வானொலியில் உயர்த்தினால் இரைச்சலும் சேர்ந்து உயரும். பேசியில் முக்கால் அளவு வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் சரியாக இருக்கும்.

பாட்டைத் தம்மோடு எடுத்துச் செல்லும் ஆசை

1948இல் கோபன்ஹேகன் மாநாட்டில் ஐரோப்பிய மத்திய அலைகளைப் பங்கிட்டபோது, போரில் தோற்ற ஜெர்மனிக்கு மிகச் சில அலைவரிசைகளே கிடைத்தன. வேறு வழியின்றி அந்நாடு எஃப்.எம். பக்கம் திரும்பியது. விளைவு, 1952இல் ஜெர்மனியின் பிளௌபுங்க்ட் நிறுவனம் எஃப்.எம். கார் வானொலியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் எஃப்.எம். கார்களுக்குள் பரவ மேலும் ஆண்டுகள் பிடித்தன. இந்தியாவில் அகில இந்திய வானொலியின் முதல் எஃப்.எம். ஒலிபரப்பு 1977 ஜூலை 23 அன்று நம் சென்னையில் தொடங்கியது.

இதற்கிடையில், வானொலி தருவதை மட்டும் கேட்காமல் தாம் விரும்பிய பாட்டைக் காரில் கேட்க வேண்டும் என்ற ஆசை வளர்ந்தது. 1956இல் கிரைஸ்லர் நிறுவனம் காருக்குள் இசைத்தட்டுக் கருவியையே பொருத்தியது! நிமிடத்துக்கு 16⅔ சுற்று மட்டும் சுற்றும் தனி வகைத் தட்டுகள். குண்டும் குழியுமான சாலையில் ஊசி என்ன பாடுபட்டிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த ஏற்பாடு நீடிக்கவில்லை. 1963இல் பிலிப்ஸ் நிறுவனத்தின் ஒலிநாடாப் பேழை வந்தது. கேசட் என்று நாம் அழைத்த அது, காரில் உறுதியாக இடம் பிடித்தது. வானொலிப் பெட்டிக்கு இரண்டாவது வாசல் திறந்தது அப்போதுதான். 1980களில் குறுந்தகடு வந்ததும் மீண்டும் பழைய சிக்கல் தலைகாட்டியது. புதுக் கருவி கையில். பழைய பெட்டி காரில். கேசட் வடிவத்தில் ஒரு போலிப் பேழை செய்து, அதன் தலையில் கம்பி வழியாக ஒலியைச் செலுத்துவது ஒரு வழி. ஏரியல் கம்பியிலேயே சிறு எஃப்.எம். அலைபரப்பியைக் கோத்துவிடுவது மற்றொரு வழி.

மின்னணுவியலில் ஆர்வமுள்ள மாணவர்கள் ஒரே ஒரு டிரான்சிஸ்டரைக் கொண்டு எஃப்.எம். மைக் செய்து பார்த்திருப்பார்கள். கையைப் பக்கத்தில் கொண்டுபோனாலே அதன் அதிர்வெண் நகர்ந்துவிடும். குவார்ட்ஸ் படிகத்தோடு ஒப்பிட்டு அதிர்வெண்ணை அசையாமல் நிறுத்தும் சுற்றும், இடது வலது ஒலிகளைப் பிரித்து ஏற்றும் ஸ்டீரியோ சுற்றும் ஒரே சில்லில் அடங்கியபோதுதான் குட்டி நிலையம் சந்தைப் பொருளாயிற்று. ஜப்பானின் ரோம் நிறுவனத்துச் சில்லுகள் இவ்வகையில் பெயர்பெற்றவை. அமெரிக்காவில் 1961இல் ஒப்புதல் பெற்ற ஸ்டீரியோ முறையில், 19 கிலோஹெர்ட்ஸ் வழிகாட்டி ஓசை ஒன்று உண்டு. பெரிய நிலையத்தைப் போலவே இந்தச் சில்லும் அதை அனுப்பும். வானொலியில் ஸ்டீரியோ விளக்கு எரியும்.

2001 அக்டோபரில் ஆப்பிள் நிறுவனத்தின் ஐபாட் வந்தது. ஆயிரம் பாட்டுகள் சட்டைப் பையில். காரில் மட்டும் கேட்க வழியில்லை. 2003இல் கிரிஃபின் என்ற நிறுவனம் ‘ஐட்ரிப்’ என்ற கருவியை ஐபாடின் தலையில் பொருத்தும்படி செய்து விற்றது. அதில் பொத்தானே கிடையாது. அதிர்வெண்ணை மாற்றுவதற்கென்று சில ஒலிக்கோப்புகளைத் தந்தார்கள். ஐபாடில் அதைப் பாட்டுப் போல ஓடவிட்டால், அதிலுள்ள ஓசைக் குறிப்பைக் கேட்டுக் கருவி தன் எண்ணை மாற்றிக்கொள்ளும்! அமெரிக்காவில் இதை விற்க முடிந்ததற்குக் காரணம் 1938இல் விட்ட அந்த இடைவெளிதான். எஃப்.எம். பகுதிக்கு அவ்விதி, 3 மீட்டர் தொலைவில் ஒரு மீட்டருக்கு 250 மைக்ரோவோல்ட் என்ற வரம்பாக வளர்ந்திருந்தது. பிரிட்டனில் அத்தகைய இடைவெளி இல்லை. 1949ஆம் ஆண்டுக் கம்பியில்லாத் தந்திச் சட்டத்தின்படி அங்கே ஐட்ரிப் வைத்திருந்து பாட்டுக் கேட்பவர் சட்டத்தை மீறியவர். 2006 டிசம்பர் 8 முதல்தான் 50 நானோவாட்டுக்கு உட்பட்ட கருவிகள் அங்கே அனுமதிக்கப்பட்டன. 2008இல் நோக்கியாவின் என்78 பேசிக்குள்ளேயே எஃப்.எம். அலைபரப்பி குடியேறியது.

வேலி தாண்டினால் என்ன ஆகும் என்பதும் அதே ஆண்டுகளில் தெரிந்தது. அமெரிக்காவில் செயற்கைக்கோள் வானொலி நடத்திய எக்ஸ்.எம்., சிரியஸ் ஆகிய நிறுவனங்களின் கார் ஏற்பிகளிலும் இத்தகைய அலைபரப்பி இருந்தது. 2006இல் அவற்றுள் சில வரம்புக்கு மேல் பரப்புவது கண்டறியப்பட்டது. சாலையில் அடுத்த காரில் சென்றவர், சமயச் சொற்பொழிவோ செய்தியோ கேட்டுக்கொண்டிருக்கையில் திடீரென்று அது மறைந்து, பக்கத்துக் காரின் நிகழ்ச்சி கேட்டது. வலியது மட்டும் கேட்கும் என்ற விதிக்கு, யாருடைய கார் என்ற கணக்கு இல்லை. அந்த ஏற்பிகளுள் சிலவற்றின் விற்பனையை நிறுத்தித் திருத்தி அமைக்க வேண்டியதாயிற்று.

இப்போது புதிய கார்களில் புளூடூத் இருக்கிறது. பெட்டிக்குப் பல வாசல்கள். 2016இல் வந்த ஐபோன் 7 தன் காதொலித் துளையையே மூடிவிட்டது. அதனால் கம்பி வாசல் மட்டும் உள்ள இடைக்காலக் கார்களை வைத்திருந்தவர்களும் குட்டி நிலையத்தை நாடினார்கள்.

நார்வே நாடு 2017இல் தன் தேசிய நிலையங்களின் எஃப்.எம். ஒலிபரப்பை நிறுத்தி, அவற்றை டிஜிட்டல் வானொலிக்கு மாற்றியது. உள்ளூர்ச் சிறு நிலையங்கள் பல எஃப்.எம்.மிலேயே தொடர்ந்தன. பழைய கார்களில் இருந்த வானொலிகளால் டிஜிட்டல் அலையைப் பிடிக்க இயலாது. அதற்கென்று விற்ற மாற்றுக் கருவியை முகப்புப் பலகையில் ஒட்டிக்கொண்டார்கள். கம்பி வாசல் இல்லாத கார்களில் அந்தக் கருவி டிஜிட்டல் ஒலிபரப்பைப் பிடித்து, எஃப்.எம். அலையாக மாற்றி, ஒரு மீட்டர் தொலைவில் உள்ள பழைய வானொலிக்கு அனுப்புகிறது. பெரிய நிலையங்கள் காலிசெய்து போன எண்கள் அங்கே நிறைய இருப்பதால், இடம் தேடுவதும் எளிதாகிவிட்டது.